நாற்பது எழுத்து அகலம்

போன வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் கூட்டமொன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: வகுப்பறையில் கம்ப்யூட்டர் இருந்தால் வணிகவியல் மாணவர்கள் நன்றாகக் கற்கிறார்களா? பத்து நிமிடப் பேச்சு, அதன்பிறகு சாப்பாடு. எனக்கு முன்னால் பேசியவர் கற்கிறார்கள் என்றார். அவருக்கு முன்னால் பேசியவர் கற்பதில்லை என்றிருந்தார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல். என் முறை வந்தபோது சாம்பார் வாசனையும் வந்துவிட்டது. காலம் மாறிவருகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றித் தெரியும், அவ்வளவுதான்.

ஆம்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ தொடங்கிய நாளிலிருந்து நான் அங்கே கணக்குப்பதிவியல் ஆசிரியை. எண்பதுகளின் நடுவில் ஒரு மத்திய அரசுத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றுக்கென்று ஒரு அறையை வெள்ளையடித்து, ஜன்னல்களை மூடி ஒட்டி, ஏ.சி. பொருத்தினார்கள். தலைமையாசிரியையின் அறையில்கூட மின்விசிறிதான். ஊரில் எங்கே நின்றாலும் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை இருக்கும். அந்த அறைக்குள் மட்டும் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் பெண்கள் முதலில் செய்வது மூச்சை நன்றாக இழுத்துப் பார்ப்பதுதான். கம்ப்யூட்டரைப் பார்ப்பதெல்லாம் அதன்பிறகு.

சாவி தலைமையாசிரியையிடம். அனுமதி அறிவியல் பிரிவுக்கு மட்டும். வணிகவியல் பிரிவுப் பெண்கள் தினமும் அந்த அறையைக் கடந்துதான் தண்ணீர் குடிக்கப் போவார்கள். நான் அரசின் சுற்றறிக்கையை வாங்கி வாசித்தேன். பயன்படுத்த வேண்டியவர்கள் 'மாணவிகள்' என்று இருந்தது. வணிகவியல் படிக்கிறவர்களும் மாணவிகள் என்ற வகைக்குள் வரக்கூடும் என்று பணிவுடன் ஒரு விண்ணப்பம் எழுதினேன். தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்துவிட்டு, சனிக்கிழமை மதியம் எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றார். சனிக்கிழமை மதியம் அந்த அறையை வேறு யாரும் கேட்டதில்லை.

இயற்பியல் டீச்சர் சின்னப் பெண். வேலூரில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்வந்து, எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டருக்குப் பயப்படாத ஒரே ஆளாக இருந்தாள். என் நச்சரிப்பு தாங்காமல் அவள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். கொள்முதல், கூலி, விற்பனை, சரக்கிருப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். தொகையைத் தட்டினால் வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு மூன்றும் வரிசையாகத் திரையில் வரும். ஒரு எண்ணை மாற்றினால் கீழே எல்லாம் மாறும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கே வேர்த்தது, ஏ.சி.யில்.

ஒரே ஒரு குறை. கணக்கு என்றால் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. கம்ப்யூட்டருக்குத் திரையாக வைத்திருந்த டிவியில் பற்று மேலே வந்தது, வரவு அதற்குக் கீழே வந்தது. நான் ஆட்சேபித்தேன்.

"ஒரு வரிக்கு நாப்பது எழுத்துதான் டீச்சர் புடிக்கும். பக்கத்துல பக்கத்துல வேணும்னா இன்னொரு டிவி வாங்கி ஒட்டணும்" என்றாள்.

இன்னொரு டிவிக்கு விண்ணப்பிக்கும் படிவம் எது என்று எனக்குத் தெரியும். பதில் எப்போது வரும் என்பதும் தெரியும். விட்டுவிட்டேன். பரீட்சைக்கு இரண்டு பக்கமாகத்தான் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். பெண்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குக் கரும்பலகை பரீட்சைக்கு, திரை வேடிக்கைக்கு. குழப்பமே இல்லை.

குழம்பியவள் ஒருத்திதான். பதினொன்றாம் வகுப்பு முழுக்க அவளுக்குக் கணக்குப்பதிவியல் வரவில்லை. பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்று மற்றவர்கள் பாட்டாக ஒப்பிப்பார்கள். இவள் எழுந்து, "ஏன் மிஸ்?" என்பாள். வகுப்பு சிரிக்கும். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொன்னால் அதற்கும் ஒரு ஏன் வரும். கடைசியில் அப்படித்தான் எழுதணும், உட்காரு என்பேன். அவள் அப்பா தோல் மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டவர். அம்மா ஷூ கம்பெனியில் ஃபோல்டிங் டேபிளில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத் தோலை ஓரம் மடித்து ஒட்டி, சுத்தியலால் தட்டும் வேலை. ட்யூஷனுக்கெல்லாம் வழியில்லை. சனிக்கிழமை மதியம் மட்டும் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

பாடப்புத்தகத்தில் எல்லா வியாபாரிகளும் மளிகைக் கடைதான் வைத்திருப்பார்கள். நான் அதைத் தோல் ஷாப்பாக மாற்றிக் கணக்குக் கொடுத்தேன். பச்சைத் தோல் கொள்முதல், உப்பு, சுண்ணாம்பு, ஆட்கூலி, மெட்ராஸுக்கு லாரி வாடகை. அவள் எண்களைத் தட்டினாள். பச்சைத் தோலின் விலையை ஏற்றினாள், லாபம் சுருங்கியது. கூலியை ஏற்றினாள், இன்னும் சுருங்கியது. ஏற்றியதையெல்லாம் பழையபடி இறக்கிவிட்டு, கடைசியாக இறுதிச் சரக்கிருப்பை, அதாவது வருட முடிவில் விற்காமல் கிடங்கில் கிடக்கும் தோலின் மதிப்பை, பாதியாக்கினாள்.

"ஸ்டாக்க கம்மியா காட்டினா லாபம் காணாமப் போயிடுது மிஸ்."

"காணாமல் போகாது. அடுத்த வருஷத்துக்குப் போகும்."

"அடுத்த வருஷமும் கம்மியா காட்டினா?"

அதே மூச்சில் அடுத்ததைக் கேட்டாள். "அப்ப கம்பெனி நஷ்டத்துல ஓடுது, போனஸ் இல்லன்னு எங்கம்மாகிட்ட சொன்னாங்களே. அது நெஜமாவே இல்லாமயா, இல்ல இப்படியா?"

அந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. பட்டப்படிப்பிலும் மேற்படிப்பிலும் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. தெரியாது என்றேன். அவள் வருத்தப்படவில்லை. எனக்கே தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் இருந்தாள். அன்றைக்குப் பிறகு அவளுக்கு எல்லாம் புரிந்தது. தேய்மானம், வாராக்கடன், முன்கூட்டிச் செலுத்திய வாடகை, ஒவ்வொன்றும் ஏன் அங்கே போகிறது என்று அவளே சொல்வாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் கடைசியில் சமம். அவள் மனத்தில் கணக்கு அந்த உருவத்தில்தான் இருந்தது. பள்ளித் தேர்வில் அப்படியே எழுதினாள். சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தேர்வில் இரண்டு பக்கமாக எழுதினாள். ஆனால் ஓரத்தில் பென்சிலால் முதலில் தன் மாதிரி போட்டு, விடை வந்தபிறகு அதைப் பிரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுதியிருந்தாள். நேரம் போதவில்லை. இருந்தாலும் நல்ல மார்க். பழகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அந்த ஜனவரியில் ஷூ கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பள்ளிக்கு வந்தார். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கப்போகிறது. அதில் கணக்கு ஏற்ற ஒரு பெண் வேண்டும். பிளஸ் டூ போதும், மற்றதை அவர்களே சொல்லித்தருவார்கள். நான் அவரைச் சனிக்கிழமை வரச்சொல்லி, அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். அவர் சில தொகைகளைச் சொன்னார். அவள் தட்டிக்கொண்டே, "சார், இந்த வருஷம் உங்களுக்கு நஷ்டம்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, பாஸ் பண்ணிட்டு மார்க் ஷீட்டோட வாம்மா, இந்த வேலை உனக்குத்தான் என்றார். அன்று சாயந்தரம் அவள் அம்மா பள்ளி வாசலுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"டீச்சரம்மா, அந்த மாதிரி ஏ.சி. ரூம்ல ஒக்காந்துனே செய்ற வேலையா?"

ஆமாம் என்றேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் வெள்ளையாக உரிந்திருந்தது.

அரசுத் தேர்வு நாளில் அந்தப் பாடத்து ஆசிரியர் தேர்வு அறைப் பக்கம் போகக்கூடாது. நான் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். மணி அடித்து வெளியே வந்தவர்களில் அவள்தான் முதலில் என்னிடம் வந்தாள்.

"டேலி ஆயிடுச்சி மிஸ். மொதல்ல ரெண்டு பக்கமா போட்டேன், ஆகல. டைம் வேற கம்மி. அதை அடிச்சிட்டு, நம்ம பொட்டியில வர்ற மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு போட்டேன். உடனே வந்துடுச்சி."

"அடிச்சிட்டியா?"

"குறுக்க கோடு போட்டு நல்லா அடிச்சிட்டேன் மிஸ்."

அடித்த விடை திருத்தப்படாது. அடிக்காமல் விட்டிருந்தால், கூட்டுத்தொகை சேரவில்லை என்றாலும் படிவத்துக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண் உண்டு. முழுத் தப்பான அந்த விடைக்குப் பாதிக்கு மேல் கிடைத்திருக்கும். சரியான விடைக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஏப்ரலில் வேலூரில் விடைத்தாள் திருத்தும் முகாம். வருடா வருடம் நானும் போவேன். எங்கள் மாவட்டத்துத் தாள்கள் வேறெங்கோ போய்விடும். எங்களிடம் வருவது முன்பின் தெரியாத பிள்ளைகளின் தாள்கள். ஆனாலும் முதல் நாள் விடைக்குறிப்பை வாசித்து விவாதிக்கும் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். இறுதிக் கணக்குகளை ஒருத்தி பக்கம் பிரிக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, விடையும் சரியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். இங்கே எடுக்கும் முடிவு அவள் தாளைத் தொடாது என்று தெரியும். என்றாலும் குறிப்பில் ஏறினால் மேலே அனுப்புவார்கள், அங்கிருந்து மற்ற முகாம்களுக்குப் போகலாம் என்று ஒரு நப்பாசை. அப்படி ஒரு வழிமுறை உண்டு. அது யாருக்காவது பயன்பட்டதாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை.

தலைமைத் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"யாரும்மா அப்படி எழுதுவாங்க?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வருது."

"அப்ப கம்ப்யூட்டரே வந்து திருத்திக்கட்டும்."

கூட்டத்திலிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். கம்பெனிகள் தங்கள் இருப்புநிலைக் குறிப்பை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடிக்கலாம், கம்பெனிச் சட்டமே அதற்கு இடம் தருகிறது என்று சொன்னேன். அது பி.காம். மூன்றாம் வருடம் என்றார் அவர். உண்மைதான். படிவம் தவறென்றால் இறுதி விடைக்குரிய மதிப்பெண் மட்டும் என்று எழுதிக்கொண்டோம். அந்த வாரம் முழுக்க நானும் அந்த விதிப்படியே திருத்தினேன். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய தாள் ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, கணக்குப்பதிவியலைத் தவிர. ஒன்பது மதிப்பெண் குறைவு. மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தோம். மறுகூட்டல் என்றால் போட்ட மதிப்பெண்களைத் திரும்பவும் கூட்டிப் பார்ப்பது. விடையைத் திரும்பப் படிப்பதில்லை. அவர்கள் ஒழுங்காகத்தான் கூட்டியிருந்தார்கள். மாற்றமில்லை என்று அச்சடித்த அட்டை வந்தது.

அவளை அழைத்துக்கொண்டு நான் கம்பெனிக்குப் போனேன். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். நல்ல மனிதர். அவருக்கு அவள்மேல் சந்தேகமே இல்லை.

"இந்தப் பொண்ணுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுது மேடம். ஆனா ஃபைல்ல என்ன வைப்பேன்? உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா?"

தெரியும் என்பதால் நான் வாதாடவில்லை. அக்டோபரில் பாஸ் பண்ணட்டும், அதுவரை ஷூ செய்யும் லைனில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அடுத்த திங்கட்கிழமை அவள் அம்மாவோடு ஒரே டேபிளில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். ஷிப்மென்ட் இருந்தால் ஞாயிறும் வேலை, அப்போது வரமாட்டாள். வரும் நாளில் விரலில் பசை வாசனை இருக்கும். நான் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவில்லை. கோடு போடு, இடப்பக்கம் எழுது, வலப்பக்கம் எழுது, கூட்டு. மாதிரி வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடவைத்தேன். ஆரம்பத்தில் ஓரத்தில் பென்சிலால் தன் மாதிரியைப் போட்டுப் பார்ப்பாள். நான் ரப்பரை எடுத்து நீட்டுவேன். ஜூலையில் அந்தப் பென்சில் கணக்கு சின்னதானது. ஆகஸ்டில் இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள் ஒரு கணக்கைப் பிசகில்லாமல் முடித்து நீட்டினாள். வாராக்கடன் ஒதுக்கு, அதாவது திரும்பி வராது என்று முன்கூட்டியே ஒதுக்கும் தொகை, இரண்டு இடத்திலும் சரியாக இருந்தது. பழைய ஆசையில், இது ஏன் கடனாளிகளிலிருந்து கழிக்கப்படுகிறது என்று கேட்டேன். முன்பெல்லாம் இதற்குக் கால்மணி நேரம் பேசுவாள். கடன் வாங்கிய தோல் வியாபாரி ஊரைவிட்டு ஓடிப்போன கதையெல்லாம் வரும்.

"அது அங்கதான் மிஸ் எழுதணும்" என்றாள்.

"ஏன்னு கேட்டேன்."

"ஏன்னு கேக்கவா போறாங்க? மார்க்குதான போடப்போறாங்க."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். எனக்கு அப்போது வந்த அழுகையை நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே எடுத்துப்போனேன்.

அக்டோபரில் தேர்வு எழுதினாள். டிசம்பரில் முடிவு. கணக்குப்பதிவியலில் இருநூறுக்கு நூற்று முப்பத்தெட்டு. எங்கள் பள்ளியில் முதல் முறையே எழுதித் தேறியவர்களில் பாதிப் பேருக்கு அந்த மதிப்பெண் இல்லை. மார்க் ஷீட்டின் நகலோடு நானே கம்பெனிக்குப் போனேன். அவளுக்கு லைனிலிருந்து அனுமதி கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஆகஸ்டிலேயே வந்துவிட்டதாம். வேலூரில் ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாதம் படித்த பையன் ஒருவனைப் போட்டிருந்தார்கள். காத்திருக்க முடியவில்லை மேடம் என்றார் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். அவர் மேஜைமேல் பச்சைக் கோடு போட்ட நீளமான தாளில் கம்ப்யூட்டர் அச்சடித்த அந்த மாதக் கணக்கு கிடந்தது. நான் தலைகீழாகவே வாசித்துவிட்டேன். ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருந்தது.

அடுத்த இடம் காலியாகும்போது பார்க்கலாம் என்றார். காலியிடம் எப்படி உருவாகும், எப்படி நிரப்பப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது யாராவது கம்ப்யூட்டரால் வணிகவியல் படிப்பு வளர்ந்ததா என்று கேட்டால், எது படிப்பு என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. அந்தச் சனிக்கிழமை மதியங்களில் அவள் ஒரு தொழில் எப்படி நடக்கிறது, யார் எதை மறைக்க முடியும், யாருக்கு எது கிடைக்காமல் போகிறது என்று படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குப்பதிவியல் படித்தாள். முதலாவதைக் கற்பித்தது அந்தப் பெட்டி. இரண்டாவதைக் கற்பித்தது நான். தேர்ச்சி என்று அச்சானது இரண்டாவது. மேடையில் இதைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் தாண்டியிருக்கும்.

அசல் மார்க் ஷீட்டை வாங்கிக்கொள்ள அவள் மதியச் சாப்பாட்டு வேளையில் பள்ளிக்கு ஓடிவந்தாள். கம்பெனி ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, தாளை அவள் கையில் கொடுத்தேன். வேலை விஷயத்தை அதற்கு முந்தின நாளே அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மார்க் ஷீட்டின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தாள். கையில் பசை இருந்ததால் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"மிஸ், வேலூர்ல பிளாஸ்டிக்குள்ள வெச்சி ஒட்டித் தர்றாங்களாமே, லேமினேஷன்னு. இத அப்படிப் பண்ணிடலாமா?"

கூடாது என்றேன். எந்த மாணவி கேட்டாலும் சொல்கிற பதில் அது. கல்லூரியில் சேரும்போதும் வேலைக்குப் போகும்போதும் பின்பக்கத்தில் குறிப்பு எழுதி முத்திரை வைப்பார்கள்; லேமினேஷன் போட்டுவிட்டால் எழுத முடியாது.

அவள் தாளைத் திருப்பிக் காலியாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அதெல்லாம் போகலன்னா பண்ணலாமில்ல மிஸ்?"

கம்பெனிச் சங்கு ஊதியது. போக வேண்டிய அவசரத்திலும் அவள் என் பதிலுக்காக நின்றாள். பண்ணலாம், விதியில் தடை ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.